நண்டுக்கு எடை போட்ட கதை

“இறங்கு, இறங்கு! உன் எடையும் சேருது!”

எடைக் கூண்டுக்குள்ளிருந்து அண்ணன் கத்துகிறான். நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் குதிக்கிறேன். காரின் முன் சக்கரம் இரண்டும் லோரி நிறுக்கிற இரும்பு மேடையில். பின் சக்கரம் இரண்டும் இன்னும் தரையில். கூண்டுக்குள்ளே, என் நாற்காலியில், கிரீஸ் கையோடு உட்கார்ந்துகொண்டு, எடைக் கம்பியில் குண்டைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறான் என் அண்ணன் மகாராசன், ராஜா மாதிரி.

“நானூறு!” என்றான். “முன்னால மட்டும் நானூறு கிலோ!”

மத்தியானச் சாப்பாட்டு நேரம். லோரி எதுவும் இல்லை. ஆலையிலிருந்து வெந்த செம்பனைப் பழத்தின் புளிச்ச வாடை. எனக்குப் பசியே எடுக்கவில்லை. எப்படி எடுக்கும்? ஒரு காரை இரண்டு துண்டாக நிறுத்துப் பார்த்தவர்கள் கெடா மாநிலத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம் என்று அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு தலைகால் புரியாத சந்தோஷம்.

என் நாற்காலி

அந்த நாற்காலி எப்படி என்னுடையது ஆனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். கரங்கான் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்மரத்தை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை போட்டு, ஆலையும் கட்டிவிட்டார்கள். பழம் ஏற்றி வரும் லோரியை நிறுத்துச் சீட்டு எழுத ஒரு கிராணி வேண்டும். பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். லோரிக்காரர்கள் எனக்கு வைத்த பேர் திம்பாங் ஸ்டெல்லா. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருக்கும் நிறுவை என்றால் திம்பாங்தானே.

அண்ணன் அந்தோணி அதே ஆலையில் ஃபிட்டர். அவன் ஓவர்டைமும் என் சம்பளமும் சேர்ந்து வாங்கியதுதான் அந்தக் கார். ஜப்பான்காரன் செய்த இரண்டு கதவுச் சின்ன கார், பழையது, ஆரஞ்சு நிறம். அதில் ஒரு அதிசயம். எங்கள் பக்கத்து கார்களுக்கெல்லாம் எஞ்சின் முன்னால் இருந்தாலும் உருட்டுகிறது பின் சக்கரம். இதற்கு முன் சக்கரமே உருட்டும். முன்னால் கொடுக்கை நீட்டி உடம்பை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்ததால் நண்டு என்று பேர் வைத்தோம்.

எனக்கு லைசன்ஸ் இருந்தது. குலிமில் முதல் தடவையே பாஸ். அண்ணன் இரண்டாம் தடவை. இதை எழுத எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன் தெரியுமா!

ஆனால் அப்பா ரோட்டில் ஓட்ட விடமாட்டார். அவர் தோட்ட வேலையை மேற்பார்க்கிற பெரிய கண்டக்டர், மூன்று டிவிஷனுக்கும் அவர் சொன்னால் சொன்னதுதான். “பொம்பளப் புள்ள காடி ஓட்டி யாரும் சாகவேணாம்” என்பார். ஆலைக் கேட்டுக்குள்ளே மட்டும் ஓட்டலாம். அதனால் எடை மேடைக்குக் கொண்டுவருவதும் இறக்குவதும்தான் என் மொத்த ஓட்டம். அதற்காகவே நாலு தடவை நிறுக்கலாம் என்று சொல்லுவேன்.

வெள்ளைச் சட்டைக்கு வந்த ஏழரை

போன வாரம் இந்தப் பகுதியில் அப்பாவின் வெள்ளைச் சட்டைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் ஒரு சட்டையில் சேறு பட்டதால்தான் இவ்வளவும்.

எங்கள் வீடு ஒரு மேட்டின் உச்சியில். ஏறுகிறவன் யாராக இருந்தாலும் பாதியில் நின்று இடுப்பில் கை வைப்பான், அதனால் அதற்கு மூச்சுவாங்கி மேடு என்று பேர். செம்மண் ரோடு. வெயில் காலத்தில் மாவு, மழைக் காலத்தில் சோப்பு.

ஒரு ஞாயிறு, பாடாங் செராய் மாதா கோயிலில் பூசை முடிந்து திரும்புகிறோம். அண்ணன் ஓட்டுகிறான். மழை பெய்து விட்டிருந்தது. பாதி மேட்டில் நண்டின் முன் சக்கரம் சர்ர்ர் என்று சுற்றுகிறது, வண்டி நகரவில்லை.

“அப்பா, நீங்க பின்னால போய் உட்காருங்க. பின்னால பாரம் வேணும்” என்றான் அண்ணன்.

பெரிய கண்டக்டர், ஐம்பத்தைந்து வயது, முன் சீட்டிலிருந்து இறங்கிச் சேற்றில் நடந்து, குனிந்து நுழைந்து, எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் போய் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி முன்னைவிட மோசமாக வழுக்கிப் பின்னால் போனது. அப்பா இறங்கி நடந்தார். நாலு எட்டு வைத்ததும் சறுக்கி விழுந்தார். லயத்து வரிசை வீட்டு ஜனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது.

சிரிக்கக் கூடாது என்று நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மாவால் முடியவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் தீர்ப்பு வந்தது. அந்த மாசக் கடைசி ஞாயிறு தோட்ட விளையாட்டு விழா. அதில் ஒரு போட்டி, மூச்சுவாங்கி மேட்டில் கார் ஏற்றுவது. கேட்டிலிருந்து உச்சி வரைக்கும், ஒவ்வொருவருக்கும் இரண்டு வாய்ப்பு.

“அன்னிக்கு அந்த நண்டு மேலே வரலேன்னா, திங்கக்கெழமை பழைய காடி வாங்கற குலிம் தவுக்கேகிட்ட போயிடும். வித்துட்டு ஒரு மோட்டார்சைக்கிள் வாங்கிக்கடா. பேச்சு முடிஞ்சது.”

அண்ணனுக்கு மோட்டார்சைக்கிள். எனக்கு? பழையபடி தோட்டத்து பஸ்ஸுக்கு வெயிலில் நிற்கவேண்டியது. அந்தக் கார் போனால் என் ஓட்டமும் அதோடு போச்சு. தட்டில் சோறு அப்படியே இருந்தது, எனக்கு இறங்கவில்லை.

கழற்று, கழற்று!

மறுநாளே அண்ணன் ஸ்பேனரோடு கிளம்பிவிட்டான். “காடி கனமா இருக்கு லா. எளைக்க வைக்கணும்.”

அப்புறம் நடந்ததைப் பார்க்கணுமே! பின் சீட்டு போச்சு. ஸ்பேர் சக்கரம் போச்சு. கதவின் உள் அட்டை, தரை விரிப்பு, பக்கத்து சீட்டு, முன்னும் பின்னும் பம்பர் எல்லாம் போச்சு. பின் கண்ணாடியைக்கூட ரப்பரோடு பிடுங்கி எடுத்தான். பானெட்டைக் கழற்றிவிட்டு, சுங்கைப் பட்டாணியில் தண்ணீர்த் தொட்டி செய்கிற சீனரிடம் சொல்லி ஃபைபரில் ஒன்று அடித்து வந்தான். அதை நான் ஒரு கையால் தூக்கினேன். எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த குவியலைப் பார்த்து, காயலான் கடை போட்டிருக்கிறோமா என்று அம்மா கேட்டாள்.

மத்தியானம் தவறாமல் திம்பாங். கழற்றுவதற்கு முன் மொத்தம் அறுநூற்றைம்பது, அதில் முன்னால் நானூறு. மீதி பின்னால் என்று கழித்துப் பார்த்தால் முடிந்தது. அண்ணன் ஒத்துக்கொள்ளமாட்டான்.

“காகிதத்துல கழிச்சா காடிக்குத் தெரியுமா? பின் சக்கரத்தையும் தனியா ஏத்து.”

அதனால் அடுத்து, மேடைக்குப் போகிற சரிவில் நான் ரிவர்ஸில் ஏறி, பின் சக்கரத்தை மட்டும் மேடையில் நிறுத்துவேன். லோரியிலிருந்து வழிந்த எண்ணெயில் அந்தச் சரிவு எப்போதும் பளபளவென்று இருக்கும். முன்னால் பார்த்து ஏறினால் நண்டு கீச்சென்று கத்தி ஒரு தடவை சறுக்கும். ரிவர்ஸில் ஏறினால் சத்தமே வராது, பூனை மாதிரிப் போகும்.

இதை நான் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். ஒரு தடவையும் யோசிக்கவில்லை. மடச்சி!

உர மூட்டை

தோட்டத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய வழக்கம் ஒன்று உண்டு. மழை நாளில் காலி லோரி மேடு ஏறவேண்டுமானால் பின்னால் இரண்டு உர மூட்டையைப் போடு. ஜீப் சறுக்குகிறதா, பின்னால் நாலு ஆள் ஏறி நில்லு. பின் சக்கரத்தின் மேல் பாரம் விழுந்தால் சக்கரம் மண்ணைக் கவ்வும். எங்கள் பக்கம் அதைச் சந்தேகப்பட்ட ஆளே கிடையாது.

அண்ணனும் செய்தான். பேட்டரியை முன்னாலிருந்து தூக்கிப் பின் டிக்கியில் வைத்தான். அதுவும் போதாதென்று ஐம்பது கிலோ உர மூட்டை ஒன்றை டிக்கியில் போட்டான்.

நூறு கிலோவுக்கு மேல் பாடுபட்டுக் கழற்றியவன், ஐம்பது கிலோவைக் கையால் தூக்கிப் போட்டான்! நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“உனக்குத் தெரியாது. லோரி டிரைவர் மாட்கிட்ட கேளு. முப்பது வருஷமா ஓட்டறான்.”

மாட்டும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். “பெத்துல் லா, பின்னால பாரம் வேணும்” என்று அவரும் தலையாட்டினார்.

சனிக்கிழமை காலையில் லேசாகத் தூறியது. அண்ணன் ஒத்திகைக்கு மேட்டில் ஏற்றினான். அப்பா விழுந்த இடம்வரைகூடப் போகவில்லை. சர்ர்ர்! ஆரஞ்சு நண்டு பூராவும் செம்மண்.

சனிக்கிழமைச் சண்டை

மத்தியானம் மேடைக்குக் கொண்டுவந்தோம். முன்னால் முந்நூற்று முப்பது. பின்னால் இருநூற்று அறுபது.

நான் பழைய சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். முன்னால் நானூறு இருந்தது முந்நூற்று முப்பதாகிவிட்டது. பின்னால் இருநூற்றைம்பது இருந்தது பத்து கூடியிருக்கிறது. இரண்டு சீட்டையும் அண்ணன் முன்னால் நீட்டினேன்.

“அண்ணே, உருட்டறது எந்தச் சக்கரம்?”

“முன் சக்கரம். அதுக்கென்ன?”

“உருட்டற சக்கரத்துமேலதான பாரம் வேணும்? நீ அங்கேருந்து புடுங்கிப் பின்னால வச்சிருக்கே! நம்ம அப்பாவைப் பின் சீட்டுக்கு அனுப்பினியே, அதே வேலை! லோரிக்கு பின் சக்கரம் உருட்டுது, பின்னால பாரம் போடறாங்க. இது நண்டு!”

அண்ணன் முகம் சிவந்தது. “போடி. லோரிக்குச் சீட்டு எழுதறவ எனக்குக் காடி சொல்லித்தர வந்துட்டா.”

எனக்கு வந்ததே கோபம்! “ஆமா, சீட்டு எழுதறவதான். எடைன்னா என்னான்னு இந்தத் தோட்டத்துல என்னைவிட யாருக்குத் தெரியும்? வா, நீ ஏறு மேடையில!”

அவனைப் பிடித்துத் தள்ளி மேடையில் நிறுத்தினேன். தொண்ணூறு கிலோ. அந்த வாரம் முழுக்கக் கழற்றியதில் முக்கால்வாசி அவன் வயிற்றிலேயே இருந்தது. எதிரே நின்ற மாட் சிரித்த சிரிப்பில் அவர் பல் செட்டு கழன்று கையில் வந்துவிட்டது.

அண்ணனும் சிரித்துவிட்டான். அவனிடம் அந்த நல்ல குணம் உண்டு, கோபம் ஐந்து நிமிஷம் தாங்காது. சாயங்காலத்துக்குள் மூட்டை இறங்கியது, பேட்டரி முன்னால் போனது, பழைய இரும்பு பானெட் திரும்ப ஏறியது. முன்னால் முந்நூற்று எழுபது, பின்னால் நூற்றுத் தொண்ணூறு. நான் சீட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டேன்.

“நாளைக்கு நான் ஓட்டட்டுமா? நாற்பத்தஞ்சு கிலோதான் நான்” என்று மெல்லக் கேட்டேன்.

“அப்பா என் தோலை உரிச்சுடுவாரு” என்றான்.

மழை

ஞாயிறு மத்தியானம், சாக்கு ஓட்டம் முடிகிற நேரத்தில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. அரை மணி நேரம்தான். ஆனால் மூச்சுவாங்கி மேடு முழுக்க சிவப்புச் சோப்பாகிவிட்டது.

தோட்டத்து மேனேஜர் தொரை போட்டியை நிறுத்தவில்லை. கேட்டுப் பக்கம் குடையோடு நின்றார். அவர் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு எங்கள் தமிழ்ப்பள்ளி சுப்பையா வாத்தியார். உச்சியில், எங்கள் வீட்டு வாசலில், வெள்ளைச் சட்டையில் அப்பா.

முதலில் சின்னத் தொரையின் பெரிய கார். பாதியில் பின்பக்கம் ஆடி, அலங்காரமாகக் காவாயில் இறங்கியது. அடுத்தது பழம் ஏற்றும் காண்ட்ராக்டரின் பிக்கப். பின்னால் ஆறு ஆள் நின்றும் முக்கால் மேட்டில் நின்றுவிட்டது. இரண்டாவது வாய்ப்பிலும் அதே கதை.

அப்புறம் அண்ணன். ஏறினான், ஏறினான், காண்ட்ராக்டர் நின்ற இடத்தையும் தாண்டினான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். இன்னும் ஒரு பத்து கஜம்தான். அங்கே மேடு செங்குத்தாக நிமிரும். அந்த இடத்தில் நண்டின் மூக்கு லேசாகத் தூக்கியது. அவ்வளவுதான், சர்ர்ர்!

உச்சியில் அப்பா திரும்பி வீட்டுக்குள் போகப் பார்த்தார். குலிம் தவுக்கே என் கண் முன்னால் வந்து நின்றான்.

அண்ணன் இறங்கி வந்து கீழே நிறுத்தினான். “முடியாது பாப்பா. மேடு நிமிர்ந்தா பாரமெல்லாம் தானா பின்னால போயிடுது. முன் சக்கரம் தரையைத் தொடவே மாட்டேங்குது.”

பாரமெல்லாம் பின்னால போயிடுது.

அந்த நொடியில் எண்ணெய் வழியும் அந்தச் சரிவு ஞாபகம் வந்தது. முன்னால் ஏறினால் கீச். ரிவர்ஸில் பூனை. ஐயோ! ரிவர்ஸில் ஏறும்போது முன் சக்கரம் பள்ளத்தில் இருக்கிறது, பாரமெல்லாம் சரிந்து அதன் மேல்தானே உட்காரும்!

“சாவியைக் கொடு.”

“ஸ்டெல்லா…”

“இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு. எப்படியும் நாளைக்கு விக்கத்தானே போறாங்க? கொடுண்ணே!”

அண்ணன் மேட்டு உச்சியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சாவியைக் கையில் வைத்தான்.

முதுகைக் காட்டி

நான் நண்டைத் திருப்பி, அதன் முதுகு மேட்டைப் பார்க்க நிறுத்தினேன். ஜனம் ஹோவென்று சிரித்தது. “பொண்ணு பயந்து திரும்பிப் போகுது!” என்று ஒருத்தன் கத்தினான்.

சுப்பையா வாத்தியார் ஜன்னலில் குனிந்தார். “ஏம்மா, மேடு அந்தப் பக்கம்.”

“தெரியும் சார். கொடியைக் காட்டுங்க.”

வாத்தியார் தொரையைப் பார்த்தார். தொரை கையிலிருந்த விதித் தாளைப் புரட்டி, தோளைக் குலுக்கினார். முகம் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று அதில் எழுதவில்லை. கொடி விழுந்தது.

உடம்பைத் திருப்பி, இடது கையால் பக்கத்து சீட்டைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் சீட்டே இல்லை. கழற்றியாகிவிட்டதே! கதவுத் தூணில் முதுகை முட்டுக் கொடுத்துக்கொண்டேன். பின் கண்ணாடி இல்லாத ஓட்டை வழியாகத் தூறல் நேரே முகத்தில் அடித்தது. ஆனால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கிளட்சை மெல்ல விட்டேன்.

நண்டு கவ்வியது!

அந்தப் பிடிப்பை எப்படிச் சொல்வது? ஸ்டியரிங் வழியாகவே கைக்குத் தெரிந்தது, ரெண்டு சக்கரமும் செம்மண்ணைக் கடித்துக் கடித்துப் போகிறது. அதிகம் மிதிக்கவில்லை, வண்டியை நிற்கவும் விடவில்லை. அப்பா விழுந்த இடம் போனது. காண்ட்ராக்டர் நின்ற இடம் போனது. ஜனத்தின் சிரிப்பு எந்த இடத்தில் கூச்சலாக மாறியது என்று தெரியாது. “ஏறு! ஏறு பாப்பா!” என்று அண்ணன் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. தொண்ணூறு கிலோவும் சேற்றில் ஓடி வருகிறது!

செங்குத்தான இடம் வந்தது. மாதாவே என்றேன். ஒரு சக்கரம் லேசாகச் சறுக்கியது. காலைக் கொஞ்சம் தளர்த்தினேன். திரும்பக் கவ்வியது.

அப்போது ஓட்டையின் நடுவில் அப்பா தெரிந்தார். வாசலில் நின்றவர் ரோட்டுக்கே வந்துவிட்டார், குடை ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. நேராக ஏறியிருந்தால் பானெட்டைத்தான் பார்த்திருப்பேன். திரும்பி உட்கார்ந்ததால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். அவர் வாய் திறந்திருந்தது. அவர் நகர்ந்து வழிவிட்டார், நான் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கீழே ஜனம் தகரத்தைத் தட்டுகிறது. எத்தனை நிமிஷம் என்று கேட்டால், வாத்தியார் ஸ்டாப்வாட்சை அமுக்கவே மறந்துவிட்டாராம். பரவாயில்லை. உச்சிக்கு வந்த வண்டி அது ஒன்றுதான்.

அப்பா நண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சேற்றைப் பார்த்தார், முன் சக்கரத்தைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

“கீழே தொரை காத்துக்கிட்டிருக்காரு. நானும் வரேன்” என்றார். போன தடவை ஞாபகத்தில், பின்பக்கம் நுழையக் குனிந்தார்.

“பின்னால இல்லப்பா. முன்னால வாங்க. இதுக்கு முன்னாலதான் பாரம் வேணும்.”

முன்னால் சீட்டு ஏது? முந்தின நாள் அண்ணன் வாசலில் இறக்கிப் போட்ட அந்த உர மூட்டையை அப்பா பார்த்தார். அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே தூக்கிவந்து என் பக்கத்தில் வைத்தான். பெரிய கண்டக்டர் வெள்ளைச் சட்டையோடு அதன் மேல் உட்கார்ந்தார்.

மேட்டில் இறங்கும்போது பாதி வழியில் தொண்டையைச் செருமினார்.

“திங்கக்கெழமை குலிமுக்குப் போகணும்.”

நான் அவர் பக்கம் திரும்பினேன். “அப்பா… அதான் ஏறிடுச்சே…”

“கண் டாக்டரைப் பாக்கணும்டி. அதுக்குள்ள அந்தச் சீட்டைப் பூட்டச் சொல்லு. மூட்டைமேல உட்கார்ந்துக்கிட்டு என்னால குலிம் வரைக்கும் வர முடியாது. நீயும் ரோட்டுல ரிவர்ஸ்ல போயிடாதே.”